ஆறு மணிக்கு முன்னால்

ரூபேந்திரன் மேல் கண்ணையாவுக்கு ஒன்பது வருஷக் கோபம். லேசான கோபமில்லை. கூலாய் ஊரின் எந்தச் சாப்பாட்டுக் கடையில் அந்தப் பெயர் காதில் விழுந்தாலும், பாதிக் கிளாஸ் பாலில்லாத தே ஓவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிற கோபம். "மூணு மாசம் என் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்தான். என் வாயாலயே அத்தனையும் கேட்டு எழுதிக்கிட்டான். எழுதி முடிச்சதும் என்னையே தூக்கி வெளிய கடாசிட்டான்" என்று அவர் சொல்லாத ஆள் ஊரில் பாக்கி கிடையாது.

கண்ணையா அப்போது ஒரு லோரிக் கம்பெனியில் இருந்தார். கூலாயிலிருந்து சிம்பாங் ரெங்கம் வரைக்கும் உள்ள தோட்டங்களில் செம்பனைக் குலைகளை ஏற்றி எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோகிற கம்பெனி. மொத்தம் இருபத்திரண்டு லோரி. எது எந்தத் தோட்டத்துக்கு என்று காலையில் முடிவு பண்ணுகிற ஆள் கண்ணையா. படிப்பு, தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. அந்த வேலைக்குப் படிப்பு எதற்கு? சுவரில் ஒரு பலகை. பலகையில் தோட்டங்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் ஆணி. லோரி நம்பர் எழுதிய தகரத் துண்டுகள். காலை ஐந்து மணிக்கு அவர் தகரத்தை எடுத்து ஆணியில் மாட்டுவார். மாட்டியது மாட்டியதுதான். முதலாளியே வந்து நின்றாலும் மாறாது. டிரைவர்கள் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் சாவியில் கை வைப்பார்கள்.

முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தான். பலகையைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த மாதம் ரூபேந்திரன் வந்து சேர்ந்தான். ஜொகூர் பாருவில் மென்பொருள் எழுதுகிற ஏதோ ஒரு கம்பெனி அனுப்பிய ஆள். முப்பத்திரண்டு வயசு, மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு பச்சை அட்டை நோட்டு. வரும்போதே கண்ணையாவுக்கும் சேர்த்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கி வருவான். அதைச் சாப்பிட்டுக்கொண்டேதான் கண்ணையா பதில் சொன்னார். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, நேத்து வேலு அண்ணன் நீள லோரியை எடுத்துக்கிட்டு பழைய டிவிஷனுக்குப் போனாரு. இன்னைக்கு ஏன் அவரைப் புது டிவிஷனுக்கு மாத்துனீங்க?"

"சும்மாதான்."

"சும்மான்னா?"

"மனசுக்குத் தோணுச்சு தம்பி. எழுதிக்க."

ரூபேந்திரன் எழுதிக்கொண்டான்.

அது பொய். மனசுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோட்டத்தின் பழைய பகுதியான அந்த டிவிஷனுக்குள் போகிற செம்மண் ரோடு ஓர் ஓடையை ஒட்டி இறங்கும். முந்தின நாள் மழை கொட்டியிருந்தால் ஓரம் ஊறிப்போய்க் கிடக்கும். நீள லோரி திரும்பினால் மண் சரியும். மழை கூலாயில் பெய்யாமல் அங்கே மட்டும் பெய்யும். அதனால் கண்ணையா தினமும் தகரத்தை மாட்டுவதற்கு முன் கழிப்பறைப் பக்கம் போய் நின்று, தோட்டத்து வாசலில் தேநீர்க் கடை வைத்திருக்கும் அங்கம்மாவுக்குப் போன் போடுவார். "அக்கா, கடை முன்னால தண்ணி நிக்குதா?" நிற்கிறது என்றால் நீள லோரி அங்கே போகாது. விஷயம் அவ்வளவுதான். ஒரே ஒரு போன்.

அதை ஏன் சொல்லவில்லை? சொன்னால் மிஷினுக்கும் தெரிந்துவிடும். மிஷினுக்கு எல்லாம் தெரிந்துவிட்டால் கண்ணையா எதற்கு? ஒன்றையாவது பிடித்து வைத்துக்கொண்டால் தன்னையும் வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தார். வைத்துக்கொள்ளவில்லை. சுவரில் பலகை இருந்த இடத்தில் ஒரு திரையை மாட்டினார்கள். கண்ணையாவை டயர் கொட்டகைக்கு அனுப்பினார்கள்.

திரை வந்த நாலாவது மாதம், நவம்பர் மழையில், அது வேலுவின் நீள லோரியைப் பழைய டிவிஷனுக்கு அனுப்பியது. ஓரம் சரிந்து லோரி ஓடையில் கவிழ்ந்தது. வேலுவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

டயர் கொட்டகையில் இருந்த கண்ணையாவுக்குச் செய்தி வந்தது. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊர் முழுக்க, "கம்ப்யூட்டருக்காரன் வேலு காலை எடுத்துட்டான்" என்று பேசியது. வேலுவும் அதையே சொன்னான். கண்ணையா தீபாவளிக்குத் தீபாவளி பலகாரப் பொட்டலத்தோடு போய் அவன் முன்னால் உட்கார்ந்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தார். ரூபேந்திரனின் மேல் கோபம் வளர்ந்துகொண்டே போனதற்கு அதுவும் ஒரு காரணம். அவனைத் திட்டும் நேரத்தில் அந்த போன் ஞாபகம் வராது.

அதற்குப் பிறகு கண்ணையா டயாலிசிஸ் நிலையத்தின் வேன் ஓட்ட வந்தார். தர்ம காசில் நடக்கிற சின்ன நிலையம். சிறுநீரகம் போனவர்களை வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து ஏற்றிக் கொண்டுவந்து, நாலு மணி நேரம் மிஷினில் ரத்தம் சுத்தமானதும் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். பட்டியல் அவர் போனுக்கு வரும். போன வருஷம் பிப்ரவரியில், செவ்வாய்-வியாழன்-சனி பட்டியலில், ஒரு புதுப் பெயர் வந்திருந்தது. ரூபேந்திரன்.

கண்ணையா நிலையத்து அலுவலகக் கிராணி கஸ்தூரிக்குப் போன் போட்டார். "இந்தாள நான் ஏத்த மாட்டேன். வேற வண்டி பாரு."

"அங்கிள், நம்மகிட்ட இருக்கிறதே ஒரு வண்டிதான் லா."

போனார். ஒற்றை மாடி வீட்டு வாசலில் மனைவி ஷர்மினி பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்றது ரூபேந்திரனா என்றே சந்தேகமாக இருந்தது. ஆள் பாதியாகிவிட்டான். முகம் மட்டும் ஊதியிருந்தது. சிங்கப்பூரில் வேலை, ஜொகூர் பாரு பக்கம் பெர்மாஸ் ஜெயாவில் வீடு, விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போகிற பிழைப்பு என்று ஏழு வருஷம் ஓடியிருக்கிறான். ரத்த அழுத்தம் இருப்பதே தெரியாமல் சிறுநீரகம் இரண்டும் போயிருந்தது. வேலை போய், வீட்டை விற்று, வாடகை குறைவென்று கூலாய்க்கு வந்திருந்தார்கள்.

"அண்ணே..." என்றான் ரூபேந்திரன்.

"ஏறுங்க கம்ப்யூட்டர் சார்" என்றார் கண்ணையா. "சீட் பெல்ட்ட நீங்களே போட்டுக்குவீங்களா, இல்ல அதுக்கும் ஒரு மிஷின் வருமா?"

இரண்டு மாதம் அந்தப் பேச்சுதான். அவன் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. அதுவே கண்ணையாவுக்கு எரிச்சல்.

நிலையத்தில் ஒரு கையில் ஊசி இருக்க, மற்றக் கையால் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருப்பான். யாரோ எங்கிருந்தோ கொடுக்கிற உதிரி வேலை. திரும்பி வரும்போது களைப்பில் கண்ணை மூடிக்கொண்டே பேசுவான். மற்றவர்கள் தூங்கிவிடுவார்கள், கண்ணையாவுக்கு வேறு வழியில்லை, கேட்பார்.

"பதினெட்டு வருஷம் எழுதியிருக்கேன்ணே. அதுல இன்னைக்கு எத்தனை ஓடுதுன்னு நினைக்கிறீங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

"ரெண்டு. ஒரு கொத்தனார் பதினெட்டு வருஷம் கட்டுனா வரிசை வரிசையா வீடு, ஒரு தாமானே நிக்கும். நாங்க எழுதுறது மூணு வருஷத்துல செத்துப்போகும். புதுசு வந்துடுச்சு, தூக்கிப் போடுன்னுடுவாங்க. பழசு நல்லாதான் ஓடிக்கிட்டு இருக்கும்."

"அப்ப எதுக்கு எழுதுறீங்க?"

"சம்பளத்துக்குத்தான்" என்று சிரித்தான். "இன்னொண்ணு கேளுங்க. நான் உக்காந்த கூட்டத்துல ஒருத்தன்கூட, காலையில அஞ்சு மணிக்கு அந்தப் பட்டனைத் தொடப்போற ஆளில்ல. தொடப்போற ஆளுக்குக் கூட்டத்துல நாற்காலி இல்ல. எங்க தொழில்ல பாதிக் கோளாறு அதுதான்."

வேறொரு நாள் சொன்னான்: "இப்ப எனக்கும் ஒண்ணு வந்துடுச்சுண்ணே. நாங்க எழுதுன அத்தனையும் படிச்சுட்டு, தானே எழுதுற மிஷின். உதிரி வேலைகூடக் குறைஞ்சு போச்சு."

கண்ணையா வண்டி குலுங்கச் சிரித்தார். "அலமாக்! நல்லா வேணும். உன் பக்கத்துலயும் நாற்காலி போட்டு உக்காந்துட்டானா?"

"ஆமாண்ணே. நாசி லெமாக் மட்டும் வாங்கிட்டு வரல."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.  கண்ணையா ஒன்பது வருஷம் கேட்க ஆசைப்பட்ட செய்தி, கேட்டதும் இனிக்கவில்லை.

சித்திரை மாதம் பட்டியலில் இருந்த முனியாண்டிப் பெரியவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்து எட்டாம் நாள், கண்ணையா ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்தத் தெரு வழியாகப் போனபோது பெரியவரின் மனைவி கருப்பாயி வாசல் கேட்டருகே நின்றிருந்தார். கையில் பெரியவரின் டயாலிசிஸ் பை. அதில் போர்வை, மருந்து அட்டை, சில்லறை எல்லாம் அப்படியே இருந்தன. கண்ணையா வண்டியை நிறுத்தினார்.

"என்னம்மா?"

"போனு வந்துச்சேப்பா. நேத்து சாயங்காலம். அதுக்கு முன்னாலயும் வந்துச்சு. நாளைக்கு அஞ்சு பத்துக்கு வண்டி வரும்னு பக்கத்து வீட்டுப் பிள்ள படிச்சுச் சொன்னுச்சு. அவரு போனதுதான் தெரியுமே, ஏதோ கையெழுத்துக் கேக்கிறாங்க போலன்னு வந்து நிக்கிறேன்."

மறுநாள் வண்டி வரும் என்று முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு எல்லா வீட்டுக்கும் செய்தி போகும். செத்தவர் வீட்டுக்கும் போயிருக்கிறது. கண்ணையாவுக்கு வந்த ஆத்திரம், வண்டிக்குள் திரும்பி ரூபேந்திரனைப் பார்த்துக் கத்திவிட்டார். "பாருய்யா உங்க லட்சணத்தை! பொணத்துக்கு வண்டி அனுப்புறானுங்க!"

அந்த மென்பொருளை எழுதியது ரூபேந்திரன் இல்லை. இருந்தும் அவன் அதைச் சொல்லவில்லை. வண்டியிலிருந்து மெதுவாக இறங்கி, கருப்பாயியிடம் போனை வாங்கி அந்தச் செய்தியைப் பார்த்தான். "மன்னிச்சுக்குங்கம்மா" என்றான், தானே அனுப்பியவன் மாதிரி.

அன்றைக்கே கஸ்தூரியிடம் கேட்டு அந்த மென்பொருளுக்குள் போய்ப் பார்த்தான். நாலு மணி நேரம், ஒரே கையால். "நான் நினைச்சதுதான்" என்றான் திரும்பும்போது. "ஆளைச் சேர்க்க இவ்ளோ பெரிய பட்டன் இருக்கு. எடுக்கிறதுக்குப் பட்டனே இல்ல. கஸ்தூரி 'வரவில்லை'ன்னு மட்டும்தான் போட முடியும். இது அடுத்த தடவை வருவாருன்னு நினைச்சுக்குது. எழுதும்போது யாருமே சாவைப் பத்தி நினைக்கிறதில்லண்ணே. டயாலிசிஸுக்கு எழுதுறவன்கூட நினைக்கல."

மூன்று வாரத்தில் சரி பண்ணிவிட்டான். நிலையம் காசு தர வந்தபோது வேண்டாமென்றான். ஆனால் ஒரு பிடிவாதம் பிடித்தான். பெயரை எடுக்கிற பட்டன் கிராணியின் கணினியில் வரக் கூடாது. கண்ணையாவின் போனில்தான் வர வேண்டும். அழுத்தினால் காரணம் கேட்கும். எழுதாமல் விடாது.

"நான் எதுக்கு? எனக்கு இங்கிலீஷும் வராது, ஒண்ணும் வராது."

"தமிழ்ல எழுதுங்க. வண்டியில எந்த சீட்டு காலின்னு உங்களுக்குத்தான் முதல்ல தெரியும். மிஷின் அதைத் தானா செய்யக் கூடாது. செத்தவரைத் தெரிஞ்ச ஒரு ஆளு செய்யணும்."

முனியாண்டியின் பெயரைக் கண்ணையாதான் எடுத்தார். காரணம் என்று கேட்ட இடத்தில், 'காலமாகிவிட்டார்' என்று எழுத்துக் கூட்டி அடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. அன்றைக்குத்தான் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவனைத் தம்பி என்று கூப்பிட்டார்.

கூப்பிட்ட மறு வாரமே அது நடந்தது. எல்லாரையும் இறக்கிவிட்டுக் கடைசியாக ரூபேந்திரன் மட்டும் இருந்தான். பையிலிருந்து எதையோ எடுத்து முன்னால் வைத்தான். பச்சை அட்டை நோட்டு. மூலையெல்லாம் தேய்ந்திருந்தது.

"இன்னுமா வச்சிருக்க?"

"எங்க போனாலும் வச்சிருப்பேன். வேலு அண்ணனுக்கு அப்படி ஆனதும் நான் இதை மறுபடி எடுத்துப் படிச்சேன்ணே. மூணு மாசத்துல முப்பத்தோரு தடவை நீங்க மாத்தியிருக்கீங்க. முப்பத்தோரு தடவையும் 'மனசுக்குத் தோணுச்சு'ன்னு எழுதியிருக்கேன். அந்தத் தேதிக்கெல்லாம் அங்க மழை பெஞ்சிருக்கான்னு தேடிப் பார்த்தேன். இருபத்தொன்பது நாள் முந்தின சாயங்காலம் மழை." நோட்டை மூடினான். "உங்களுக்கே தெரியாம உங்க மனசுக்கு அது தெரிஞ்சிருக்கு. வருஷக்கணக்கா பார்த்துப் பார்த்து உள்ள ஊறிப்போச்சு. வாயால சொல்ல வரல, அவ்வளவுதான். அதைத்தான் நான் தூக்கிப் போட்டுட்டேன்."

கண்ணையா கியரை மாற்றினார்.

"சிங்கப்பூர்ல புதுசா யார் வேலைக்குச் சேர்ந்தாலும் உங்க கதையைத்தான் சொல்வேன். ஆளு மனசுல இருக்கிறதுல பாதியை அவனாலயே சொல்ல முடியாது, அதனால கடைசி முடிவை மிஷின்கிட்ட குடுக்காதேன்னு. ஒவ்வொரு தடவையும் ஆளு கையால மாத்துறதுக்கு ஒரு இடம் விடணும்னு மேனேஜர்கிட்ட சண்டை போடுவேன். அந்தச் சண்டையிலதான் ரெண்டு தடவை பதவி உயர்வு போச்சு. பரவால்ல. வேலு அண்ணன் காலுக்கு நான் குடுக்க முடிஞ்சது அது ஒண்ணுதான்."

இறங்கும்போது கண்ணையாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

கண்ணையா வேனை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். தன்னை ஏதோ ஞானி மாதிரி ஒருத்தன் கண்டவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான். அதற்காகப் பதவியை விட்டிருக்கிறான். ஓர் ஆளின் கால் போனதை ஒன்பது வருஷம் தன் தலையில் மட்டும் சுமந்திருக்கிறான். இத்தனைக்கும் நடுவில் இருந்தது கழிப்பறைப் பக்கம் நின்று போட்ட ஒரு போன்.

மூன்று வாரம் உண்மை வாய் வரைக்கும் வந்து வந்து திரும்பியது. ரூபேந்திரனுக்குக் கை நரம்பு அடைத்துப்போய் நெஞ்சில் குழாய் வைத்தார்கள். ஷர்மினி தன் சிறுநீரகத்தைக் கொடுக்கக் கேட்டுப் பார்த்தாள், பொருந்தவில்லை. இவன் போய்விட்டால் தான் தப்பித்துவிடலாம் என்று ஒருநாள் கண்ணையாவுக்குத் தோன்றியது. அடுத்த வியாழக்கிழமையே சொல்லிவிட்டார்.

"தம்பி, எனக்கு மனசுக்கு ஒண்ணும் தோணல. நான் தினமும் அங்கம்மாவுக்குப் போன் போட்டேன். கடை முன்னால தண்ணி நிக்குதான்னு கேட்டேன். உன்கிட்ட வேணும்னுதான் சொல்லல. சொன்னா என்னைத் தூக்கிருவீங்கன்னு சொல்லல."

ரூபேந்திரன் நேராக உட்கார்ந்தான். "போனா?"

"ஆமா."

"முப்பத்தோரு தடவையும்?"

"தினமும்தான்யா போடுவேன். முப்பத்தோரு தடவை தண்ணி நின்னுருக்கும்."

 "அதை ஒரே வரியில எழுதியிருக்கலாம்" என்றான். "காலையில அங்க தண்ணி நிக்குதான்னு ஒரு கேள்வி. ஒரே ஒரு கேள்வி போட்டிருப்பேன். வேலு அண்ணன் நடந்துக்கிட்டு இருந்திருப்பாரு."

"தெரியும்."

"நிப்பாட்டுங்க. நான் இங்கேயே இறங்கிக்கிறேன்."

வீட்டுக்கு இன்னும் நாலு தெரு இருந்தது. வெயிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்தான். கண்ணையா வேனை முதல் கியரில் போட்டுப் பின்னாலேயே ஊர்ந்து வந்தார். அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ரூபேந்திரன் வேனுக்கு வரவில்லை. வாடகைக் காரில் போய் வந்தான். இரண்டு வாரம். அந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கண்ணையா சிம்பாங் ரெங்கத்துக்குப் போனார். தீபாவளியும் இல்லை, கையில் பொட்டலமும் இல்லை. வேலு, "என்னண்ணே அதிசயமா?" என்றான். அவனிடமும் அப்படியே சொன்னார். கூட்டவில்லை, குறைக்கவில்லை. வேலு கட்டைக் காலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இனி தீபாவளிக்கு வராதீங்க" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "தே ஓ குடிச்சிட்டுப் போங்க" என்றான். குடித்தார்.

செவ்வாய்க்கிழமை அந்த வீட்டு வழியாகப் போனபோது வாசலில் ரூபேந்திரன் நின்றிருந்தான். கண்ணையா கதவைத் திறந்தார். அவன் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டான்.

"அந்தக் கார்க்காரன் பேசவே மாட்டேங்கிறான்" என்றான். "வேலு அண்ணன் போன் பண்ணாரு."

"என்ன சொன்னான்?"

"உங்களைத் திட்டுனாரு. அப்புறம் என்னையும் திட்டுனாரு." நெஞ்சுக் குழாயைச் சரி பண்ணிக்கொண்டான். "சரியாத்தான் திட்டுனாரு. நீங்க மறைச்சீங்க. ஆனா முப்பத்தோரு தடவை ஒரே பதிலை எழுதினவன், முப்பத்திரண்டாவது தடவை கேட்டிருக்கணும். நான் கேக்கல. குறிச்ச தேதிக்குள்ள முடிக்கணும்னு மேல இருந்து நெருக்குனாங்க. இன்னொண்ணும் நான் கேக்கலண்ணே. இந்தத் திரை வந்தா உங்க பிழைப்பு என்ன ஆகும்னு ஒரு நாளும் கேக்கல. முதல் கேள்வியே அதுவா இருந்திருக்கணும். அதைக் கேட்டிருந்தா போன் விஷயத்தை நீங்களே சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேனான்னு தெரியல தம்பி."

"சரி. இதையாச்சும் உண்மையா சொன்னீங்களே."

அதற்குப் பிறகு நாலு மாதம்தான். உதிரி வேலையும் நின்றுபோனது. மடிக்கணினியைப் பையிலிருந்து எடுப்பதையே விட்டுவிட்டான். தண்ணீர் அளந்துதான் குடிக்கலாம் என்பதால், ஷர்மினி ஒரு சின்ன டப்பாவில் ஐஸ் கட்டி போட்டுத் தருவாள். அதில் ஒன்றை வாயில் அதக்கிக்கொண்டே வருவான். வேனில் ஏற அவனுக்குக் கை கொடுக்க வேண்டியிருந்தது; பிறகு தூக்கிவிட வேண்டியிருந்தது. கண்ணையா போனில் வருகிற வரிசையைத் தள்ளிவிட்டு, அவனைக் கடைசியாக ஏற்றி முதலில் இறக்கிவிட்டார். கஸ்தூரி கேட்டாள்: "அங்கிள், லிஸ்ட்ட ஏன் மாத்துறீங்க?" இந்த முறை காரணத்தைச் சொன்னார். "அவனால அவ்வளவு நேரம் உக்கார முடியலம்மா. எழுதி வச்சுக்க." அவள் எழுதி வைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் காய்ச்சல் வந்தது. குழாய் வழியாகக் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். திங்கட்கிழமை பகல் ஒரு மணிக்கு, ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் உயிர் போனது. நாலரைக்கு உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நாற்பத்திரண்டு வயசு.

கண்ணையா கூடாரம் கட்ட ஆள் பிடித்தார், நாற்காலி இறக்கினார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்து நாற்பது. ஷர்மினி நடுவீட்டில் அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் போன் பக்கத்திலேயே தரையில் கிடந்தது, யார் யாரோ கூப்பிட்டபடி இருந்தார்கள். நாளைக்குச் செவ்வாய். ஆறு மணிக்கு அந்தப் போனுக்கு ஒரு செய்தி வரும்.

அவர் வெளியே போய் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். போனைத் திறந்து பட்டியலில் அந்தப் பெயரைத் தேடிப் பட்டனை அழுத்தினார். காரணம் என்று கேட்டது. பக்கத்து இருக்கையில் ஐஸ் டப்பா கிடந்தது. சனிக்கிழமை மறந்துவிட்டுப் போனது. உள்ளே தண்ணீர்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமைதான், வீட்டு வாசலில் அவனைத் தூக்கி இறக்கும்போது, ரூபேந்திரன் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணே, நான் போற அன்னைக்கு ஆறு மணிக்கு முன்னால என் பேரை எடுத்துருங்க. ஷர்மினி போன்ல அந்தச் சத்தம் கேக்கக் கூடாது. கஸ்தூரிகிட்ட விட்டுறாதீங்க, நீங்களே எடுங்க."

"வாயைக் கழுவு. சும்மா வா."

"காரணம் கேக்கும்ணே. உள்ளதை எழுதுங்க. மனசுக்குத் தோணுச்சுன்னு மட்டும் எழுதிறாதீங்க."